நோட்டீசில் யார் பேர்

நான் ஏழாவது வரை படித்தேன். எட்டாவது போக வேண்டிய வருஷம் வீட்டில் தையல் மெஷின் வாங்கினார்கள். பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. மெஷின் இன்னும் ஓடுகிறது.

எங்களுடையது தெலுங்கு பேசும் ஊர். கடை மல்காஜ்கிரியில். பிளவுஸ், ஸ்கூல் யூனிபார்ம், கிழிந்ததைத் தைத்துக் கொடுப்பது. வீட்டுக்காரர் ரயில்வேயில் ஃபிட்டர். அவர் அதிகம் பேச மாட்டார். நானும் மாட்டேன். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து நாடகம் எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். சர்ச்சிலிருந்து வந்தது.

கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு அங்கி தைப்பது என் வேலை. எங்கள் சபையில் எந்த வீட்டுப் பிள்ளையையும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அந்தக் குடும்பம் அடுத்த ஞாயிறு வேறு சர்ச்சில் உட்கார்ந்திருக்கும். அதனால் எங்கள் பெத்லகேமில் நட்சத்திரம் பார்த்து வரும் சாஸ்திரிகள் மூன்றுக்குப் பதில் ஏழு பேர், மேய்ப்பர்கள் இருபத்திரண்டு பேர், ஆடு இரண்டு. பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன ஏரோது ராஜாவுக்கு மட்டும் ஆள் கிடைக்காது. கமிட்டியில் யாரைப் போட்டாலும் பொருந்தும். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

ஒரு வருஷம் மேய்ப்பர்களை நாலாகக் குறைக்கச் சொன்னேன்.

"ஏம்மா, நீ அங்கியை மட்டும் தை" என்றார் கமிட்டித் தலைவர்.

இருபத்திரண்டையும் தைத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். தனியாக நாடகம் போட, கூட மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் ரயிலில் டிக்கெட் பரிசோதகன். டிக்கெட் தம்பி என்போம். ஒருத்தி ஹப்சிகுடாவில் லேபில் வேலை செய்யும் பெண். மூன்றாவது என் வீட்டுக்காரர். அவர் திரை இழுப்பார்.

"அக்கா, இனிமே நீங்கதான் புரொட்யூசர்" என்றான் டிக்கெட் தம்பி.

"அப்படின்னா என்ன செய்யணும்?"

"ஹால் புக் பண்ணணும். டீ கொடுக்கணும். ஏதாவது கெட்டுப்போச்சுன்னா எல்லாரும் உங்களைத் திட்டுவோம்."

பல வருஷம் அதைத்தான் செய்தேன். அவன் சொன்னதில் ஒன்றும் குறையவில்லை.

நாடகம் எழுத ஒரு ஐயா கிடைத்தார். பேங்க் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் எம்.ஏ. ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர், சங்கத்து ஹால் சாவியும் அவரிடம்தான். எங்கள் பக்கம் தமிழ் நாடகம் என்றால் அவர் எழுதியது. வேறு யாரும் எழுதக் கூடாது என்று சட்டம் இல்லை. எழுதினால் ஹாலில் தேதி இருக்காது. அவ்வளவுதான்.

நோட்டீசையும் அவரே எழுதித் தருவார். மேலே 'எழுதியவர்' என்று அவர் பேர், பட்டங்களோடு. அதற்குக் கீழே நாடகத்தின் பேர். கடைசியில் அச்சகத்தின் பேருக்கு மேலே 'தயாரிப்பு' என்று என் பேர். ஒரு வருஷம் அச்சகத்தின் பேர் என்னுடையதைவிடப் பெரிதாக வந்தது. அச்சகக்காரர் எனக்குத் தெரிந்தவர். வருத்தம் தெரிவித்தார். அடுத்த வருஷமும் அப்படியே அடித்தார்.

எங்கள் ஊரில் தமிழ் நாடகம் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. நடிப்பவர்களுக்குத் தமிழ் பேச வரும். படிக்க வராது. டிக்கெட் தம்பி தெலுங்கு மீடியம், பேச்சில் எங்கள் ஊர் இந்தி கலக்கும். லேப் பெண் இங்கிலீஷ். சின்ன வேஷங்களுக்கு வருபவர்களில் இரண்டு பேருக்கு இந்திதான் எழுத வரும். அதனால் ஞாயிறு மதியம் கடையைச் சாத்திவிட்டு உட்காருவோம். நான் ஐயா எழுதிக் கொடுத்த தாள் கட்டைப் பிரித்து உரக்க வாசிப்பேன். அவரவர் தனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிக்கொள்வார்கள். ஒரே வசனம் தெலுங்கில் ஒரு நோட்டில், இங்கிலீஷில் ஒரு நோட்டில், இந்தியில் ஒரு நோட்டில் போகும். தமிழில் இருப்பது என் கையில் இருக்கும் கட்டு ஒன்றுதான்.

ஐயா ஒத்திகைக்கு வர மாட்டார். "படைப்பாளி சமையலறைக்குள்ள எட்டிப் பார்க்கக் கூடாதும்மா" என்பார். வீட்டுச் சமையலறைக்குள்ளும் எட்டிப் பார்த்ததில்லை என்று அவர் சம்சாரம் அளவு பிளவுஸ் கொடுக்க வந்தபோது சொன்னார்.

ஒரு நாடகம். மகளைக் கட்டிக்கொடுத்து அமெரிக்கா அனுப்பும் அப்பாவின் கதை. அப்பாவாக டிக்கெட் தம்பி. மகள் கிளம்பும் இடத்தில் ஐயா எழுதியிருந்ததை வாசித்தேன்.

"மகளே, இல்லறம் என்னும் இனிய சோலையில் நீ அடியெடுத்து வைக்கும் இந்நன்னாளில், உன் தந்தையின் நெஞ்சமோ இருவேறு உணர்ச்சிகளால் அலைக்கழிக்கப்படுகிறது..."

இன்னும் முக்கால் பக்கம் இருந்தது. லேப் பெண் கையை உதறினாள். "அக்கா, ப்ளீஸ் அக்கா, ரொம்ப லாங்." டிக்கெட் தம்பி பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

"கைக்கு அக்கா, எதுக்கு இவ்வளவு? நான் இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பொண்ணு அமெரிக்காவுல போய் இறங்கி, குழந்தையும் பெத்துடும்."

உள்ளே அடுப்பில் டீ பொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எழுந்து போக வேண்டும். "சரி, இப்படி எழுதிக்கோ" என்றேன். "போறதுக்கு முன்னாடி அந்த வைஃபை பாஸ்வேர்டை எழுதி வெச்சுட்டுப் போம்மா."

எழுதிக்கொண்டார்கள். நான் போய் டீயை இறக்கினேன்.

அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. எங்கள் பெண் கல்யாணமாகிப் புனே போன அன்று என் வீட்டுக்காரர் ஆட்டோ பக்கத்தில் நின்று சொன்னது அது. வேறெதுவும் அவர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வாய் நிற்கவில்லை. வாசிப்பதுபோல் கட்டைப் பார்த்துக்கொண்டே வேறு சொல்ல ஆரம்பித்தேன். முதல் வாரம் இரண்டு வசனம். அடுத்த வாரம் ஒரு காட்சி. ஒத்திகை முடிவதற்குள் ஐயா எழுதியதில் மிஞ்சியது நாடகத்தின் பேரும், அப்பாவின் இருமலும்தான். யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டுமானால் கட்டைப் படிக்க வேண்டுமே.

நாடகத்தன்று ஐயா குடும்பத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் திரை ஓரத்திலிருந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பத்து நிமிஷம் புருவம் நெற்றிக்கு ஏறியது. பிறகு ஹால் சிரித்தது. புருவம் இறங்கியது. பாஸ்வேர்ட் இடம் வந்தது. சிரித்தார்கள். உடனே அமைதியானார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு ரிடயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐயா திரும்பி எல்லாரையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் போன்.

"பார்த்தியாம்மா, அந்தப் பாஸ்வேர்ட் கட்டம்?"

"பார்த்தேங்க ஐயா."

"எழுதும்போதே தெரியும் எனக்கு. இங்கே ஒரு சிரிப்பு, உடனே ஒரு கண்ணீர்."

"ஆமாங்க ஐயா."

போனை வைத்தேன். ஹூக் வைக்க வேண்டிய பிளவுஸ் ஒன்று இருந்தது. வைத்தேன். அன்றுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. நோட்டீசில் 'எழுதியவர்' என்ற இடத்தில் என் பேர் வர வேண்டும். வேறொன்றும் வேண்டாம். பொன்னாடை வேண்டாம். அது உள்பாவாடைக்கும் ஆகாத துணி.

கொஞ்ச நாள் கழித்து ஐயா கடைக்கே வந்தார். நாடகத்தைப் புத்தகமாகப் போடப் போகிறாராம்.

"என்கிட்ட இருக்கற பிரதி பழசும்மா. மேடையில கொஞ்சம் மெருகேறியிருக்கு. பசங்க நோட்டை எடு, பார்க்கலாம்."

எடுத்துக் கொடுத்தேன். தெலுங்கு நோட்டைத் திறந்தார். மூடினார். இங்கிலீஷ் நோட்டைத் திறந்தார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். 'என்னடா' என்பதற்கே மூன்று நிமிஷம் ஆனது. மூடினார்.

"நீயே சொல்லிடேன். நான் எழுதிக்கறேன்."

அளவு எடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் மெஷினை மிதித்துக்கொண்டே சொன்னேன். தமிழ் எம்.ஏ. எழுதிக்கொண்டது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாஸ்வேர்ட் இடம் வந்ததும் எட்டிப் பார்த்தேன். இப்படி எழுதியிருந்தார்: "கம்பியில்லா இணையத்தின் கடவுச்சொல்லை எழுதி வைத்துவிட்டுச் செல்வாயாக, மகளே!"

"ஐயா, வீட்டுல யாரு இப்படிப் பேசறா?"

"அச்சுல பேச்சுத் தமிழ் நிக்காதும்மா."

"மேடையில நின்னுச்சே."

"அது நடிகனோட திறமை."

மூன்று மதியம் வந்தார். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரியையும் சாகடித்து எழுதிக்கொண்டு போனார். புத்தகம் வந்தது. எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். உள்ளே 'உடனிருந்து உதவிய தையற்கலைஞர்க்கு' என்று கையெழுத்து. முழுக்கப் படித்தேன். நான் தைத்துக் கொடுத்த பிளவுஸை யாரோ தையல் பிரித்து, மறுபடி துண்டுத் துணியாக்கித் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

இனி அவர் கட்டு வேண்டாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மல்காஜ்கிரியில் பழைய வீடு வைத்திருக்கும் எல்லாரையும் ஒரு பில்டர் துரத்துகிறான். வீட்டைக் கொடு, இடித்து ஃப்ளாட் கட்டி இரண்டு உனக்குத் தருகிறேன் என்கிறான். பிள்ளைகள் சரி என்கிறார்கள். அம்மாக்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை. எந்த மாடி, எந்தப் பக்கம், அடுக்களை எங்கே, அடுத்த ஃப்ளாட்டில் யார் என்று கேட்டுக் கேட்டே பில்டரை நரைக்க வைத்துவிடுகிறார்கள். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படிப்பட்ட அம்மாக்கள். அதை எழுதினேன். அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்திலிருந்து. மதியம் ஆள் வராத நேரத்தில். எழுத்துப் பிழை நிறைய இருக்கும். அதனால் என்ன, வாசிக்கப் போவது நான்தானே.

ஞாயிறு உட்கார்ந்து வாசித்தேன். லேப் பெண்தான் அம்மா. பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, இது எங்க மம்மி. அப்படியே எங்க மம்மி. அவங்க வந்து பார்த்தா என்னைக் கொன்னுடுவாங்க."

"கூட்டிக்கிட்டு வா. ஒரு டிக்கெட் கூட விக்கும்."

டிக்கெட் தம்பி தலையைச் சொறிந்தான். "அக்கா, நாடகம் சூப்பர். ஆனா எழுதினது ஐயான்னு போட்டுடலாம். அவர் பேர் இருந்தா ஹால் நிறையும்."

"என் பேர் இருந்தா?"

"ஹவ் அக்கா, ஆமா, நல்ல பேர்தான். ஆனா அந்தப் பேரைப் பார்த்தா பிளவுஸ் ரெடியான்னுதான் கேட்பாங்க."

அவன் சொன்னது நிஜம். தேதி கேட்க ஐயா வீட்டுக்குப் போனேன். நோட்டைக் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டினார். மூன்றாவது பக்கத்தில் ஒருவருடைய இடுப்பளவு இருந்தது. நிறுத்திவிட்டார்.

"கரு இருக்கும்மா. நடை இல்லை. விட்டுட்டுப் போ, நான் எழுதித் தர்றேன். எழுதியவர் நான். உனக்கு 'கதைக்கரு உதவி'ன்னு போட்டுடலாம். இதுவரைக்கும் யாருக்கும் போட்டதில்லை."

"வேண்டாங்க ஐயா."

"வேண்டாமா?"

"எழுதியவர் நான்னு போடணும்."

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ தேதி பார்க்கணுமே. இந்த வருஷம் எல்லாம் நிறைஞ்சாச்சு." டைரி மேஜைமேல் மூடிக் கிடந்தது. அதைத் திறக்காமலே சொன்னார்.

நோட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரரிடம் ஹால் இல்லை என்றேன். சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார்.

"ஆஷாடம் வருதில்ல" என்றார்.

தெலுங்குக்காரர்கள் ஆஷாட மாசத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஊரில் உள்ள அத்தனை ஃபங்ஷன் ஹாலும் காலி. லோத்குண்டாவில் ஒன்றுக்குப் போனோம். மானேஜர் வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடகமா, பூஜையா, பிறந்த நாளா என்றுகூடக் கேட்கவில்லை. தேதியை எழுதினார். மேடையைக் காட்டினார். பொண்ணு மாப்பிள்ளை உட்காரும் இரண்டு சிம்மாசனம் நடுவில் இருந்தது. தங்கக் கலர் சிங்கத் தலை, சிவப்பு வெல்வெட்.

"இதை எடுத்துடுவீங்கல்ல?"

"நக்கோ அம்மா, முடியாது. போல்ட் போட்டிருக்கு. பத்துப் பேர் வந்தாலும் அசையாது."

டிக்கெட் தம்பி நோட்டீசின் மாதிரிப் பிரதியை அனுப்பினான். 'எழுதியவர்' என்று போட்டு எதிரே இடம் விட்டிருந்தான். கடைசி நிமிஷத்தில் மனசு மாறுவேன் என்று பார்த்தானாம். என் பேரை எழுதச் சொன்னேன். அச்சாகி வந்ததும் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மருந்துச் சீட்டு வைப்பார், அந்த மாதிரி.

நாடகத்தன்று நல்ல மழை. அரை ஹால் நிறைந்தது. ஃபங்ஷன் ஹால் என்பதால் வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்ததும் பக்கத்து டைனிங் ஹாலை எட்டிப் பார்த்தார்கள். இலை போடவில்லை. பாதிப் பேர் முகம் அங்கேயே தொங்கிவிட்டது.

திரை விலகியது. மல்காஜ்கிரியில் ஒரு பழைய வீடு. நடுவில் சிம்மாசனம். அதில் அம்மா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். மகனாக டிக்கெட் தம்பி வந்து நின்றான்.

"என்னம்மா இது?"

"பில்டர் கொண்டுவந்து போட்டான். நான் சரின்னு சொல்ற வரைக்கும் இதுலதான் உட்காரணுமாம்."

"கையெழுத்துப் போட்டியா?"

"உட்கார்ந்து பார்த்துட்டுச் சொல்றேன்னேன்."

அந்த நாலு வரியும் போல்ட் அசையாது என்று தெரிந்த பிறகு எழுதியது. ஹால் டைனிங்கை மறந்தது. பிறகு எழுந்து போனவர்கள் இரண்டே பேர். ஒருவர் பில்டராம்.

முடிந்ததும் விளக்கைப் போட்டார்கள். முன்வரிசையில் ஐயா. எப்போது வந்தார் என்று தெரியாது. காலுக்குக் கீழே குடை சொட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் வந்திருந்தால் மைக் கொடுக்க வேண்டும். அது எங்கள் ஊர் வழக்கம். யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். ஐயா ஏறினார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"இந்த நாடகத்தில் பன்னிரண்டு பிழைகள்" என்று ஆரம்பித்தார்.

ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுத்தர வீட்டில் சிம்மாசனம். முதல் காட்சியில் அம்மா கேட்கும் கேள்விக்குக் கடைசிவரை பதில் இல்லை. மகன் பெங்களூர் போவதாகச் சொல்லிவிட்டு அதே காட்சியில் திரும்பி வருகிறான். பக்கத்து வீட்டுக்காரி எதற்கு வருகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நாடகம் இரண்டு தடவை முடிகிறது. பன்னிரண்டும் சொல்லி, தாளை மடித்து, கடைசியாகச் சொன்னார்: "இது நாடகமே அல்ல. வீட்டில் பேசுவதை அப்படியே மேடையில் பேசியிருக்கிறார்கள்."

ஜனங்கள் கைதட்டினார்கள். பாராட்டுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். ஐயா கையை உயர்த்திப் பார்த்தார். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

இறங்கி வந்தவரிடம் போனேன்.

"ஐயா, அந்தத் தாளைக் கொடுங்க."

"எதுக்கும்மா?"

"திருத்தத்தான்."

தாளை ஒரு தடவை பிரித்துப் பார்த்தார். பிறகு கொடுத்தார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பன்னிரண்டில் எட்டு சரி. மகன் பெங்களூர் போய்த் திரும்பியது நான் கவனிக்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரியை எடுத்துவிட்டேன். அவளாக நடித்தவள் ஒரு மாதம் பேசவில்லை. இரண்டாவது முடிவை வெட்டினேன். எட்டையும் ஒரு வாரத்தில் திருத்தினேன். நாலைத் தொடவில்லை. சிரிப்பு அந்த நாலில்தான் வந்தது.

ஆஷாடம் முடிவதற்குள் அதே ஹாலில் இன்னொரு தடவை போடத் தீர்மானித்தோம். நோட்டீஸ் அடிக்கும்போது டிக்கெட் தம்பியிடம் சொன்னேன்.

"என் பேருக்குக் கீழே 'திருத்தம்'னு போட்டு ஐயா பேரைப் போடு."

"கைக்கு அக்கா, எதுக்கு? உங்களைத் தையற்கலைஞர்னு எழுதின ஆளு."

"எட்டு இடம் அவர் சொன்னது. போடு."

போட்டு எல்லாருக்கும் போனில் அனுப்பினான். பத்து நிமிஷத்தில் ஐயா கூப்பிட்டார்.

"யாரைக் கேட்டும்மா என் பேரைப் போட்டே?"

"நீங்க சொன்னதைத்தானே திருத்தியிருக்கோம் ஐயா."

"நாலு பேர் பார்த்தா இதை நான் எழுதினேன்னு நினைச்சுக்குவாங்க. முதல்ல எடு."

"சரிங்க ஐயா."

எடுத்துவிட்டோம். என் பேருக்குக் கீழே ஒரு வரி காலியாக நின்றது. என்ன போடுவது என்று டிக்கெட் தம்பி கேட்டான். 'சாப்பாடு கிடையாது' என்று போடச் சொன்னேன்.